தோப்பி இங்கே... சாக்கே அங்கே!

தேர்தலில் நிற்க ஆசையா? குடித்திருக்கக் கூடாது!

இப்படி ஒரு சட்டம் நாளைக் காலையில் வந்தால் எத்தனை பேர் மனு தாக்கல் செய்வார்கள் என்று நீங்கள் விரல்விட்டு எண்ண ஆரம்பிப்பது தெரிகிறது. நிறுத்துங்கள். இது புதுச் சட்டம் இல்லை. ஆயிரத்து நூறு வருஷப் பழசு!

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் முழுக்கக் கல்லெழுத்து. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். முப்பது குடும்புகள், ஓலையில் பெயர், குடத்தில் போட்டு ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது... அதுதான். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். கால் வேலி நிலமாவது வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். இதெல்லாம் தகுதி.

அதைவிட சுவாரஸ்யம், யார் யாருக்குத் தகுதி இல்லை என்ற பட்டியல்! ஐந்து மகாபாதகங்களில் முதல் நான்கில் எதைச் செய்திருந்தாலும் ஓலையில் பெயர் ஏறாது. அந்த நான்கில் ஒன்று மது அருந்துவது. இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவர் மட்டுமில்லை, அவருடைய உறவுக்காரர்களும் கிடையாது!

(பெருமூச்சு விட்டவர்கள் மேலே படிக்கலாம்.)

குடியைச் சுவரில் எழுதி விலக்கிய இதே தொண்டை நாட்டில்தான், அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு, அரிசியில் மது செய்கிற பக்குவம் ஒன்றைப் பாட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஜப்பான்காரர்கள் அரிசியில் செய்கிற 'சாக்கே'யை உலகமே வரிசையில் நின்று ருசி பார்க்கிறதே, அதற்கு நம் ஊர் ஒன்றுவிட்ட தங்கச்சி!

பாட்டுக்குள்ளே சமையல் குறிப்பு

பத்துப்பாட்டில் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். ஓலைச்சுவடியில் கிடந்த பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் 1889-ல் அச்சில் கொண்டு வந்தார். வறுமையில் வாடும் ஒரு பாணருக்கு, "காஞ்சிக்கு இப்படிப் போ, வழியில் இன்னார் வீட்டில் இன்னது சாப்பிடக் கிடைக்கும்" என்று வழி சொல்கிற பாட்டு. இந்தக் காலத்து பாஷையில் சொன்னால், ஓட்டல் கைடு!

அதில் 'தோப்பி' என்றொரு சொல் வருகிறது. வீட்டிலேயே செய்த மது. நெல்லில் செய்த கள் என்று உரைகாரர் நச்சினார்க்கினியர் சொல்கிறார். இன்னொரு இடத்தில், மீன் பிடிக்கும் வலைஞர் குடியிருப்பில், முழுப் பக்குவமே இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சு. அகன்ற வாயுள்ள தட்டில் கொட்டி ஆறவிடு. நெல்முளையை இடித்துக் கலந்து பிசை. இரண்டு பகல், இரண்டு இரவு வை. வலுவான வாயுள்ள சாடியில் முதிரவிடு. விரலால் அலைத்துப் பிழி. தொட்டுக்கொள்ள? சுட்ட மீன்.

கடற்கரைப் பக்கம் போனால், மது காய்ச்சுகிற பெண்கள் பாத்திரம் கழுவி ஊற்றிய தண்ணீர் சேறாகிக் கிடக்கிறது. அதில் பன்றிகள் புரள்கின்றன. ஆக, இங்கே இது பெண்கள் கைவேலை. ஜப்பானில் நேர் எதிர். அங்கே எடோ காலத்தில் மது ஆலைக்குள் பெண்கள் கால் வைக்கவே கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். இன்றைக்கு அங்கேயும் பெண்கள் தலைமைக் கைவினைஞர்களாக இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

நெல்முளை எதற்கு?

பனை, தென்னையில் இறங்கும் பாளைச்சாற்றில் இயற்கையிலேயே சர்க்கரை உண்டு. காற்றில் இருக்கும் ஈஸ்ட் அதைப் பார்த்ததும் பந்தியில் உட்கார்ந்துவிடும். சில மணி நேரத்தில் கள் ரெடி. ஆனால் அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்டுக்கு அதைக் கடிக்கப் பல் கிடையாது. யாராவது முதலில் மாவைச் சர்க்கரையாக்கிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு உலகத்தில் மூன்று வழிகள். ஒன்று, வாயில் போட்டு மென்று துப்புவது. முகம் சுளிக்காதீர்கள், ஜப்பானில் பழங்காலத்தில் இதுவும் இருந்தது. எச்சிலில் இருக்கும் நொதி வேலையை முடித்துவிடும். இரண்டாவது, முளை. விதை முளைக்கும்போது தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பீருக்கு பார்லியை முளைகட்டுவது இதனால்தான். நம் பாட்டில் வரும் நெல்முளையும் இதே சூத்திரம். நாற்றங்கால் விட நெல்லைச் சாக்கில் கட்டி ஊறப்போட்டு முளைகட்டுகிற ஒவ்வொரு உத்திரமேரூர் விவசாயிக்கும் பாதி வேலை ஏற்கெனவே தெரியும்!

மூன்றாவது வழி, பூஞ்சணம். அதுதான் ஜப்பான் வழி. அதைப் பார்க்க ஒரு சுற்று போய் வருவோம், வாருங்கள். டிக்கெட் செலவு என்னுடையது.

நாடாவுக்கு ஒரு நடை

கோபே நகரத்தை ஒட்டிய கடற்கரையில் நாடா என்றொரு பகுதி. (பாவாடை நாடா இல்லை, ஊர்ப் பெயர்!) ஜப்பானிலேயே அதிகமாக சாக்கே செய்கிற வட்டாரம். 1995 ஜனவரி பூகம்பத்தில் இங்கிருந்த பழைய மர ஆலைகள் பல தரைமட்டமாயின. எழுந்து நின்றிருக்கிறார்கள். 1743-ல் ஆரம்பித்த 'ஹகுட்சுரு' (வெள்ளைக் கொக்கு என்று அர்த்தம்) தன் பழைய ஆலையையே மியூசியமாக்கி வைத்திருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே ஆளுயர பொம்மைகள் அரிசி கழுவுகின்றன, மூட்டை தூக்குகின்றன, தொட்டியைக் கிளறுகின்றன. எந்த நாட்டிலும் இவ்வளவு ஒழுங்காக வேலை பார்க்கும் தொழிலாளர்களைப் பார்க்க முடியாது!

சாக்கே ஆலை வாசலில் திருஷ்டிப் பூசணி போல ஒரு பெரிய உருண்டை தொங்கும். சீடர் மர இலையில் கட்டியது. புதுச் சரக்கு இறங்கும்போது பச்சையாகக் கட்டுவார்கள். இலை காய்ந்து பழுப்பாக ஆக, உள்ளே சாக்கேயும் முதிர்ந்துகொண்டிருக்கிறது என்று தெருவில் போகிறவருக்கும் தெரியும். காலண்டரும் அதுவே, போர்டும் அதுவே.

வேலை நடக்கும் ஆலைக்குள் போவதானால் ஒரு நிபந்தனை உண்டு. அன்று காலை 'நாட்டோ' சாப்பிட்டுவிட்டு வரக் கூடாது. நாட்டோ என்பது புளிக்க வைத்த சோயா மொச்சை. அதில் இருக்கும் பாக்டீரியா உள்ளே புகுந்தால் பூஞ்சணம் காலி. நம் ஊரில் கோயிலுக்குப் போகும் அன்று என்னென்ன சாப்பிடக் கூடாது என்று பாட்டி பட்டியல் போடுவாளே, அது மாதிரி.

முதல் வேலை, அரிசி தீட்டுவது. நாம் பாலிஷ் அரிசி என்றாலே சத்து போச்சு என்று அலுத்துக்கொள்கிறோம். அவர்கள் தீட்டுகிற தீட்டைப் பார்த்தால் மயக்கமே வரும். 'கின்ஜோ' என்ற ரகத்துக்கு அரிசியில் அறுபது சதவீதம்தான் மிஞ்ச வேண்டும். 'டைகின்ஜோ'வுக்கு ஐம்பதோ அதற்கும் கீழேயோ! மேல்புறத்தில் இருக்கும் கொழுப்பும் புரதமும் வாசனையைக் கெடுக்கும், நடுவில் இருக்கும் வெள்ளை மாவுதான் வேண்டும் என்பது கணக்கு. இதற்கென்றே 'யமடா நிஷிகி' என்று ஒரு நெல் ரகம். 1936-ல் பெயர் வைத்தார்கள்.

உத்திரமேரூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். நெல் வைக்கிறவர். கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"பாதிக்குப் பாதி தீட்டிட்டா அப்புறம் அரிசி எங்க சார்? மாடுதான் கொழுக்கும்!"

"அந்தத் தவிட்டையும் வீணாக்குறது இல்லீங்க ஐயா. பலகாரம், தீவனம்னு போகுது."

"அப்ப சரி" என்று மறுபடி கிளாசை எடுத்துக்கொண்டார்.

தீட்டிய அரிசியைக் கழுவி, ஊறவைத்து, ஆவியில் வேகவைக்கிறார்கள். குழையக் கூடாது. வெளியே விறைப்பாக, உள்ளே மிருதுவாக. இதில் ஒரு பங்கை முப்பது டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பான அறையில் பரப்பி, 'கோஜி' பூஞ்சண விதையைத் தூவுவார்கள். இரண்டு நாளில் அரிசிமேல் வெள்ளை வெல்வெட் மாதிரி படர்ந்துவிடும். அந்த இரண்டு நாளும் கைக்குழந்தை வைத்திருக்கும் வீடு மாதிரிதான். ராத்திரியில் எழுந்து எழுந்து கிளறிவிட வேண்டும்.

பிறகு கோஜி, வெந்த அரிசி, தண்ணீர், ஈஸ்ட் சேர்த்து ஒரு தாய்க்கலவை. அதோடு நான்கு நாளில் மூன்று தவணையாக அரிசியும் தண்ணீரும் சேர்ப்பார்கள். ஒரே தொட்டியில் கோஜி மாவைச் சர்க்கரையாக்கிக்கொண்டே இருக்க, ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். சமையலும் பந்தியும் ஒரே நேரத்தில்! மூன்று நான்கு வாரம் நுரைத்துக் கொதித்து அடங்கியதும் பிழிந்து வடிகட்டி, லேசாகச் சூடுகாட்டுவார்கள். இப்படிச் சூடுகாட்டும் வழக்கத்தை பதினாறாம் நூற்றாண்டிலேயே நாரா நகரத்து புத்த மடத்து நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். லூயி பாஸ்டர் பிறப்பதற்கு இருநூறு வருஷங்களுக்கும் மேலே!

இதைச் செய்தவர்கள் யார் என்கிறீர்கள்? விவசாயிகள். கோடையில் நெல் விளைவித்தவர்கள், பனிக்காலத்தில் வயலில் வேலை இல்லாதபோது கூட்டமாக ஆலைக்கு வந்து தங்கி சாக்கே செய்துவிட்டு வசந்தத்தில் ஊர் திரும்பினார்கள். கூட்டத்துக்குத் தலைவர் 'தோஜி'. அவர் சொன்னதுதான் ஆலையில் வேதம்.

தண்ணீர் பட்ட பாடு

நாடாவில் எல்லோரும் சொல்லும் ஒரு கதை. யமமுரா என்ற குடும்பத்துக்கு இரண்டு ஆலைகள். நிஷினோமியாவில் ஒன்று, உவோசாகியில் ஒன்று. நிஷினோமியா சரக்குதான் எப்போதும் ஒசத்தி. முதலாளிக்குத் தூக்கம் போச்சு. இங்கே உள்ள தோஜியை அங்கே மாற்றினார். பலன் இல்லை. அரிசியை மாற்றினார். ஊஹும். கடைசியில், 1840-ல், நிஷினோமியா கிணற்றுத் தண்ணீரையே உவோசாகிக்குச் சுமந்து வரச் செய்தார். சாக்கே பிரமாதம்! அந்தத் தண்ணீருக்கு 'மியாமிசு' என்று பெயர். இரும்புச் சத்து ரொம்பக் குறைவு. ஈஸ்டுக்குப் பிடித்த தாதுக்கள் ஜாஸ்தி. இன்றைக்கும் அந்தக் கிணறுகளைக் கண்ணில் வைத்துக் காக்கிறார்கள்.

தண்ணீரை மதிப்பது நமக்கும் புதுசில்லை. உத்திரமேரூரில் பல்லவர் காலத்து வைரமேகத் தடாகத்தைப் பார்த்துக்கொள்ள 'ஏரி வாரியம்' என்று தனியாக ஒரு குழுவே வைத்திருந்தார்கள். புளிக்க வைக்கும் கலையும் புதுசில்லை. ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலையில் பழையது. அரைத்து வைத்த மாவு பொங்கினால் காஞ்சிபுரம் இட்லி. அவர்கள் பூஞ்சணத்தைப் பிடித்துக்கொண்டார்கள், நாம் பாக்டீரியாவைப் பிடித்துக்கொண்டோம். நமக்கு டிபன் கிடைத்தது!

ஒரு வாய்... அவ்வளவுதான்

சுற்றி முடித்ததும் ருசி பார்க்கும் மேடை. வெள்ளைப் பீங்கான் கிண்ணம். அடியில் நீல நிறத்தில் இரண்டு வட்டம். இதற்குப் பாம்புக்கண் என்று பெயர். அழகுக்குப் போட்டது இல்லை. நீல விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் சாக்கே தெளிவாக இருக்கிறது. வெள்ளையில் பார்த்தால் நிறம் தெரியும். முதலில் கண், பிறகு மூக்கு, கடைசியில் நாக்கு. பழ வாசனை வரும், வடித்த சோற்றின் வாசனை வரும். பக்கத்திலேயே தண்ணீர் கிளாஸ். ஒரு வாய் இது, ஒரு வாய் அது. பதினைந்து, பதினாறு சதவீதம் ஆல்கஹால் என்பதால் பீரைவிட மூன்று மடங்கு வீரியம்.

இருபது வயது ஆகாதவருக்குக் கிடையாது. கார் ஓட்டி வந்தவருக்கும் கிடையாது. "ஒரு சொட்டு" என்று கெஞ்சினாலும் நடக்காது. 2007-ல் திருத்திய சட்டப்படி, ஓட்டுகிறவருக்கு ஊற்றிக் கொடுத்தவரும் உள்ளே போக வேண்டியதுதான்!

பாட்டில் லேபிளைப் பாருங்கள். என்ன ரகம், எத்தனை சதவீதம் தீட்டியது, வெளியிலிருந்து ஆல்கஹால் சேர்த்ததா இல்லையா, எத்தனை சதவீதம் போதை, எந்த ஆலை... அத்தனையும் உண்டு. ஜப்பான்காரர் பிறவியிலேயே உத்தமர் என்பதால் வந்த வழக்கம் இல்லை இது. உலக யுத்தத்துக்குப் பிறகு அரிசிப் பஞ்சம் வந்தபோது, ஆல்கஹாலும் சர்க்கரையும் கலந்து ஒன்றை மூன்றாக்கி விற்றவர்கள்தான். பேர் கெட்டது. ரகத்துக்கு இன்னது, தீட்டுக்கு இவ்வளவு என்ற லேபிள் விதிகள் 1990-ல் நடைமுறைக்கு வந்தன. குடிக்கிறவர்களும் குறைந்து போனார்கள். 1973-ல் விற்றதில் இப்போது சுமார் நாலில் ஒரு பங்குதான் விற்கிறது. கோஜி வைத்து மது செய்யும் அறிவை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நம் பக்கத்துக் கணக்கு

இங்கே என்ன ஆச்சு? சடுகுடு ஆட்டம். 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு கொண்டு வந்தார். பிறகு மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-ல் தளர்ந்தது. 1974-ல் திரும்பி வந்தது. 1981-ல் மறுபடி கடை திறந்தது. 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. 2003-லிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கிடம். வீட்டில் சோற்றைப் புளிக்க வைத்துப் போதை ஏற்றுவது இன்றைய சட்டப்படி குற்றம். ஆகவே, மேலே சொன்ன பாட்டுப் பக்குவத்தை யாரும் அடுப்பில் ஏற்ற வேண்டாம்!

சிரிப்பு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும், உத்திரமேரூருக்குப் பக்கத்து மாவட்டமான செங்கல்பட்டிலும் விஷச் சாராயம் குடித்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல். எல்லாம் மெத்தனால். தொழிற்சாலைக்கு வேண்டிய கரைப்பான் அது. உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறும். முதலில் கண் போகும், பிறகு உயிர். பார்வைக்கும் வாசனைக்கும் சாராயம் மாதிரியே இருக்கும். பாக்கெட்டில் எழுத்து இல்லை. யார் செய்தது, எதில் செய்தது, என்றைக்குச் செய்தது, ஒன்றும் கிடையாது. செத்தவர்கள் பெரும்பாலும் கூலிக்குப் போகிறவர்கள். மிஞ்சியவர்கள் அவர்களுடைய மனைவியும் பிள்ளைகளும்.

குடி நல்லது என்று சொல்ல இந்தக் கட்டுரை இல்லை. டைகின்ஜோ குடித்தாலும் கல்லீரல் லேபிள் படிக்காது. வீட்டில் ஒருவர் குடித்தாலே அந்த வீடு என்ன பாடுபடும் என்று எந்தத் தமிழ்நாட்டுப் பெண்ணுக்கும் நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆலைக் கதவைத் திறந்துவைத்து, "இதுதான் அரிசி, இதுதான் தண்ணீர், இவர்தான் செய்தவர், ஓட்டி வந்தவருக்குக் கிடையாது" என்று சொல்கிறானே, அது கணக்குக் காட்டுவது. கணக்குக் காட்டாதவன் ஓலை குடத்தில் விழக் கூடாது என்று கல்லில் வெட்டிய ஊர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகாது. மனிதன் வாய்க்குள் போகிற எதற்கும் இதே விதிதான். குடிக்கு மட்டும் என்ன, சோற்றுக்கும்தான்.

டீக்கடைப் பெரியவருக்கு சாக்கேயில் எல்லாம் ஆர்வம் இல்லை. லேபிள் விஷயத்தில்தான் நின்றுகொண்டார்.

"பாட்டில் மேல நெல்லு பேரே போட்டிருக்குமா சார்?"

"ஆமாங்க ஐயா. யமடா நிஷிகின்னு கொட்டை எழுத்துல."

"நாங்க கொள்முதல் நிலையத்துக்கு ஏத்துறோமே, அங்க ரெண்டே பேருதான். சன்னம், மோட்டா. நான் என்ன நெல்லு வச்சேன்னு எனக்குத் தெரியும், என் வீட்டு ஆளுக்குத் தெரியும். மூட்டை தச்சப்புறம் அது யாரு நெல்லோ!"

காசைக் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சாயங்காலத்துக்குள் முளைகட்டின விதையை நாற்றங்காலில் விட வேண்டுமாம்.